பழசு யாருக்கு?

அண்ணியின் ஸ்கேட்டிங் ஷூவை மடியில் கவிழ்த்துப் போட்டு, சக்கரங்கள் பூட்டிய ஃபிரேமை நாத்தனார் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னடி பண்ற?”

“உஷ்... ஃபிரேமை மாத்துறேன்மா. இது எனக்கு, என்னோடது அண்ணிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கால்தானே. அவங்ககிட்ட சொல்லிடாத.”

அம்மா இரண்டையும் பார்த்தாள். மருமகளுடையது போன வாரம் வாங்கியது. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மகளுடையது கீறலும் தழும்புமாக, வருஷக்கணக்கில் அடிபட்ட பாத்திரம் போலிருந்தது.

சக்கர ஹாக்கி அணிக்கு இன்றைக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். மிச்சமிருப்பது ஒரே இடம். அதற்கு இந்த வீட்டிலிருந்தே இரண்டு பேர்.

மருமகள் பிறந்த ஊரில் பனித்தரையில் ஹாக்கி ஆடி வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தபின் ஹாக்கி மட்டையைத் தொடவே இல்லை. இந்த ஒரு இடம் காலியென்று தெரிந்த நாளிலிருந்துதான் அவள் பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள்.

‘வந்த பொண்ணு வாயிலிருந்தா பிடுங்குற?’ என்று கேட்க நினைத்தாள் அம்மா. மாடிப்படியில் மருமகளின் காலடி கேட்டது. வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

மகள் மாற்றி முடித்துக் குளிக்கப் போனதும், திருகாணி கழற்றும் ஆலன் கீயை அம்மா கையில் எடுத்தாள். தையல்காரி அவள். தையல் மெஷினின் திருகாணியும் எண்ணெயும் விரலுக்குப் பழகியவை. புது ஃபிரேம் மருமகளின் ஷூவுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

அரங்கத்தில் ஷூவை வெளியே எடுத்த மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அம்மா கண்ணாலேயே ஒரு குட்டு வைத்தாள். மகள் வாயைத் திறப்பதற்குள் விசில் அடித்துவிட்டது.

முதலில் நேர் ஓட்டம். மருமகள் அம்பாகப் பாய்ந்தாள். அம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்து, கூம்புகளைச் சுற்றி வளைய வேண்டும். மருமகளின் உடம்பு வளைந்தது, கால் வளையவில்லை. பலகைச் சுவரில் போய் மோதினாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

தலைக்கவசத்துக்குள் யாருடைய முகமும் தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: “பழைய ஷூ போட்ட பொண்ணு என்னமா வளையுது! யார் வீட்டுப் பொண்ணு?”

“யாருக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “அதோ, விழுந்துட்டு எழுந்திருக்கறாளே, அவ என் மருமக.”

‘எல்லாருக்கும் இன்னொரு சுற்று உண்டு’ என்றார் பயிற்சியாளர். மருமகள் ஷூவைக் கழற்றிவிட்டு முழங்காலைக் கழுவப் போனாள். மகள் ஓடிவந்து அந்த ஷூவை எடுத்து மறுபடி திருகாணியில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள்.

“ஊர் பாக்கவேவா? புதுசுன்னா அவ்வளவு ஆசையா உனக்கு?”

“ஐயோ அம்மா. அந்தப் புதுசுல ஒரே வரிசையில இருக்கற நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கும். நேரா ஓட சொகம், திரும்பத்தான் பாடு. பனியில ஆடுற ஷூவோட கத்தி, அடியில படகு மாதிரி வளைஞ்சிருக்கும். அண்ணி காலு அந்த வளைவைத்தான் தேடுது. என் பழசுல முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு நூல் தூக்கியிருக்கும். அதே வளைவு. எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன், இப்ப அது எங்கயும் கிடைக்கல.”

“இதைக் காலையிலேயே சொன்னா என்ன?”

“சொன்னா, ‘அப்ப நீ எதுல ஆடுவ’ன்னு கேப்ப.”

அம்மா அதைக் கேட்கத்தான் வாயெடுத்திருந்தாள்.

“கொடு இப்படி” என்று ஆலன் கீயைப் பிடுங்கினாள். “நீ திருகுற லட்சணத்துக்கு அடுத்த வருஷம்தான் ஆடணும்.”

மருமகள் வந்தபோது வேலை முடிந்திருந்தது. தன் ஷூவைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தாள்.

“அத்தை, இது...”

“பேச நேரமில்ல அண்ணி” என்றாள் மகள். “கூம்பை மட்டும் பாருங்க.”

பட்டுத் துணியில் கத்தரி ஓடுவதுபோல் ஓடினாள் மருமகள். கூம்புகள் ஒவ்வொன்றும் அவளுக்கு வழிவிட்டு நின்றன போலிருந்தது. கடைசித் திருப்பத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது மேல் வரிசை வரை கேட்டது. பயிற்சியாளர் கையசைத்து அவளைத் தன் பக்கம் கூப்பிட்டார்.

அடுத்து வந்தவள் முதல் கூம்பில் திரும்ப முயன்றாள். சக்கரம் திரும்பவில்லை. நேராகப் போய்த் தண்ணீர் டிரம்மைக் கட்டிப்பிடித்து, அதோடு சாய்ந்து, ஈரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்படியே கையைத் தூக்கி அண்ணிக்குக் கைதட்டினாள்.

பக்கத்து இருக்கைப் பெண் உச்சுக்கொட்டினாள். “வளையவே தெரியலையே, பாவம். யாருங்க அது?”

அம்மா எழுந்து நின்றாள்.

“அது என் பொண்ணு” என்றாள், அரங்கத்துக்கே கேட்கும்படி.