தினமும் அடிபடுகிறவள்

"இன்னைக்கு யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று மேஜர் சாஜிதா கேட்டு முடிப்பதற்குள் மலர்க்கொடி கல்லூரி மைதானத்தில் விரித்திருந்த தார்ப்பாயில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"மறுபடியும் நீயா?"

"ஆமாங்க மேடம். குண்டு கையில பாஞ்சிருச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணை வேறு மூடிக்கொண்டாள்.

மேஜருக்கு எரிச்சலாக வந்தது. ராணுவத்தில் பல் டாக்டராக எல்லைப்பக்க முகாம்களில் காலம் தள்ளி, ஓய்வு பெற்று, சொந்த ஊரான நன்னிலத்துக்குத் திரும்பியவர் அவர். தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில், போர்க்கள மருத்துவத்தின் அடிப்படையைக் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்கள். ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டார்.

முதல் நாளே வளவன் எழுந்து, "மேடம், இதுக்கு மார்க் உண்டுங்களா?" என்றான்.

"கிடையாது."

அத்தோடு பாதிப் பேர் செல்போனுக்குள் போய்விட்டார்கள்.

"சண்டைக்குப் போறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. நடவு ஆளுங்களை ஏத்திட்டுப் போற லோடு ஆட்டோ கவுந்தா, முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. பல் டாக்டரா, கண் டாக்டரான்னு யாரும் பார்க்க மாட்டாங்க."

தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

நேற்று, தாடை உடைந்தவனைத் தூக்கச் சொன்னதற்கு, செழியன் அழகாகத் தூக்கி மல்லாக்கப் படுக்க வைத்தான்.

"போச்சு. சொந்த ரத்தமே தொண்டைக்குள்ள இறங்கி மூச்சடைச்சுப் போயிட்டான். முன்னால சாய்ச்சு உட்கார வைன்னு சொன்னேனா இல்லையா?"

"சாரிங்க மேடம்."

"என்கிட்ட எதுக்கு? அவன் சம்சாரத்துக்கிட்ட போய்ச் சொல்லு."

இத்தனைக்கும் நடுவில் இந்த மலர்க்கொடி. ஒரத்தநாட்டுப் பெண். கட்டுப் போடு என்றாலும் சரி, ஸ்ட்ரெச்சர் தூக்கு என்றாலும் சரி, முதல் ஆளாக ஓடி வந்து படுத்துக்கொள்வாள். மற்றவர்கள் வியர்க்க விறுவிறுக்கத் தூக்குவார்கள். இவள் மகாராணி மாதிரி போய்க்கொண்டிருப்பாள்.

"எந்திரி. நீ டாக்டராகப் போறியா, கடைசி வரைக்கும் பேஷண்டாவே இருக்கப் போறியா? இன்னைக்குக் கட்டுறது நீ."

மேஜர் கூட்டத்தைப் பார்த்தார். பின்னால், வெள்ளைக் கோட்டின் கை மணிக்கட்டு வரை இறங்க, ஓரமாக நின்றிருந்த பெண் கண்ணில் பட்டாள்.

"உன் பேர் என்ன?"

"செம்மொழி மேடம்."

"வந்து படு."

"மேடம், நானே இருந்துக்கறேங்க. எனக்குப் பழகிருச்சு" என்றாள் மலர்க்கொடி.

"மேடம், நான் படுக்கறேன்" என்றான் செழியன்.

"நானுங்க மேடம்" என்று வளவனும் முன்னால் வந்தான்.

மேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"வேலைன்னு சொன்னா ஒருத்தரைக் காணோம். படுக்கன்னு சொன்னா வரிசையில வர்றீங்க. அடிபட்டுக் கிடக்கிற ஒரு ஜீவன் மேல துளியாவது அக்கறை இருக்கா உங்களுக்கு? இந்த மாதிரி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை."



செம்மொழி மெதுவாக வந்து தார்ப்பாயில் படுத்தாள். மலர்க்கொடி பக்கத்தில் மண்டி போட்டு, ரத்தத்தை நிறுத்துவதற்கான பட்டையை எடுத்து, முழங்கைக்கு மேலே கோட்டோடு சேர்த்துச் சுற்றினாள்.

"துணி மேல கட்டிட்டியே. உள்ளே எத்தனை காயம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்... இல்லைங்க மேடம்."

"தள்ளு. எல்லாத்தையும் நானே செய்ய வேண்டியிருக்கு."

மேஜரே குனிந்து பட்டையை அவிழ்த்தார். கோட்டுக் கையையும் உள்ளே இருந்த சுடிதார்க் கையையும் சேர்த்து மேலே ஏற்றினார்.

பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது.

முழங்கைக்கு மேலே வெளுத்துப்போன கோடுகள். ஒன்றன் கீழ் ஒன்றாக, வரிசையாக இருந்தன. விபத்தில் பட்ட காயம் அப்படி வரிசையாக விழாது. வீட்டை விட்டு வெகுதூரத்தில், பனியில் காவல் கிடந்த சிப்பாய்ப் பையன்களின் கைகளில் இதே கோடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

செம்மொழி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

மேஜர் சட்டென்று துணியைக் கீழே இறக்கினார். அந்தக் கையை விடாமல் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

மலர்க்கொடி அவர் காதருகே குனிந்தாள்.

"இப்ப இல்லைங்க மேடம். போன வருஷத்தோட சரி. மனநல டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் இருக்கோம். நாங்கதான் முறை வெச்சு அழைச்சிட்டுப் போறோம். ஹாஸ்டல்லயும் அவளைத் தனியா விடறதில்லைங்க."

"நாங்கன்னா? நீயும் வேற யாரும்மா?"



வேறு யாராவது இதைப் பார்த்துவிட்டார்களோ என்ற பதற்றத்தில் மேஜர் நிமிர்ந்தார்.

கேன்டீனுக்குப் போகிற ஜூனியர்கள் யார் கண்ணிலும் படாதபடி, வளவன், செழியன் என்று அந்த வகுப்பு மொத்தமும், தோளோடு தோள் ஒட்டி, தார்ப்பாய்க்கு முதுகைக் காட்டிச் சுற்றி நின்றிருந்தது.