முள்ளம்பன்றி எடுத்த பாலிசி

முள்ளம்பன்றி ஒன்று காட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்தது. தன் முள் யாரையாவது குத்தி, நஷ்டஈடு கேட்டால் கடையே போய்விடும் என்று பயந்து, ஏஜென்ட் நாரையிடம் பொறுப்புக் காப்பீடு எடுத்தது. பாலிசிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. அப்படி மாட்டியதை அப்புறம் யாரும் படிப்பதில்லை.

மரம் சுமக்கும் யானை ஒருநாள் தூக்கிய தடியோடு டீ குடிக்க வந்தது. அது திரும்பியதில் தடி இடித்துக் கூரை சரிந்தது, பாய்லர் நசுங்கியது. பதறிப் பின்வாங்கிய யானை, தரையில் உதிர்ந்து கிடந்த முள்ளை மிதித்தது.

நாரை வந்து யானையின் காலுக்கு வைத்தியம் செய்வித்தது.

“என் கடைக்கு?” என்றது முள்ளம்பன்றி.

“அது இதுல வராதுங்க. உங்களால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்குத்தான் இந்தப் பாலிசி.”

“இடிச்சவருக்கு வைத்தியம், எனக்கு ஒண்ணுமில்லையா?”

“அவரும் தன் தொழிலுக்கு இதே மாதிரி ஒண்ணு எடுத்திருந்தா, உங்களுக்குக் கிடைச்சிருக்கும்.”

முள்ளம்பன்றி ஒரு மாதம் பாடுபட்டுக் கடையை நிமிர்த்தியது. திறந்த அன்றே யானை தடியோடு வந்து நின்றது.

“தம்பி, ஸ்ட்ராங்கா ஒரு டீ!”

முள்ளம்பன்றி ஓடிவந்து வாசலை மறித்தது.

“போடறேன் அண்ணே. முதல்ல உங்க பாலிசியைக் காட்டுங்க.”