பக்கத்து சீட்டு பிரேக்

"இன்னா அமலு, பெட்ரோலை என் கார் குடிக்குதா, நீ குடிக்கிறியா?"

பூந்தமல்லி டிரைவிங் ஸ்கூல் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார் முதலாளி தினகரன். கார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அமல்ராஜுக்கு முகம் சுண்டிப்போனது. பல வருஷமாக அங்கே கார் சொல்லிக்கொடுப்பவர்.

"என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு, அண்ணாத்தே?"

"மத்த வண்டியும் இதே கிளாஸ்தான் எடுக்குது. உன் வண்டிக்கு மட்டும் ரெண்டு பங்கு பெட்ரோல். தீபாவளிக்கு மாத்தின கிளட்ச் பிளேட்டு பொங்கலுக்குள்ள தேஞ்சு கீது. அப்படி இன்னாதான் பண்றே?"

"கத்துக்குடுக்குறேன்."

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. தினகரன் ஸ்கூலில் அதுவே தொழில் ரகசியம். படிக்க வருபவருக்கு ஸ்டியரிங் மட்டும். கிளட்ச்சும் பிரேக்கும் சொல்லிக்கொடுப்பவர் காலில். வண்டி நின்று நின்று இழுக்காது, கிளட்ச் தேயாது, பெட்ரோல் மிச்சம். படிக்க வந்தவருக்கோ, தானே ஓட்டுகிறோம் என்று ஒரே சந்தோஷம்.

அமல்ராஜுக்கு அது ஒத்துவராது. குத்தம்பாக்கம் வரை கூட்டிப்போவார். தன் காலை மடக்கி வைத்துக்கொண்டு, "நீயே நிறுத்து, நீயே எடு" என்பார். இன்ஜின் அணைந்து அணைந்து உயிர் பெறும். அந்தப் பெட்ரோல்தான் இன்றைக்கு அவர் தலையில் விடிந்தது.

"காசு வாங்குறோமே, அண்ணாத்தே. பிரேக் புடிக்கக்கூடத் தெரியாம அனுப்பலாமா?"

"எதிர்ல ஒருத்தன் என்னைவிடக் கம்மி ரேட்டுக்குத் தொறந்துகினு கீறான். பஸ் ஸ்டாண்ட் வருதுன்னு கட்டடக்காரன் வாடகையை ஏத்திட்டான். கார் டியூ யார் கட்டுறது, நீயா? லைசென்ஸ் வாங்கிக் குடுத்தா நம்ம வேலை முடிஞ்சுது. அப்பால அவங்க பாடு."

அவர் சொன்ன கணக்கில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

"நாளையிலேர்ந்து பெடல் உன் கால்ல இருக்கணும். இல்லேன்னா சாவி என் கையில இருக்கணும்."

அமல்ராஜ் சாவியை மேஜைமேல் வைத்தார்.

பெஞ்சிலிருந்து ஹேமாவதி எழுந்தாள். ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து நசரத்பேட்டை ஃபிளாட்டில் குடியிருப்பவள். முந்தின நாள்தான் அமல்ராஜிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள்.

"அண்ணா, அப்ப எனக்கு யாருங்ண்ணா சொல்லித் தருவாங்க?"

"நம்ம ராகேஷ் கீறான்மா," என்றார் தினகரன். "ஜம்முனு ஓட்ட வச்சுருவான்."

அதோடு அமல்ராஜுக்கு நிலையான வேலை போயிற்று. பெட்ரோல் திருடன் என்ற பேர் அவருக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டதால் வேறு ஸ்கூல்களும் கதவைச் சாத்தின. யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு மட்டும் அவர்கள் காருக்கு ஆக்டிங் டிரைவர், இல்லாவிட்டால் வீடு.

"ரோஷத்தை உலையில போட்டா சோறாவுமா?" என்றாள் மனைவி ஜெபா.

ஆடி மாதம் அந்தச் செய்தி வந்தது. நசரத்பேட்டையில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் ஹேமாவதியின் கார் போய் மோதிவிட்டது. பக்கத்து சீட்டில் அவள் புருஷன் ஸ்ரீநாத்.

அமல்ராஜ் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஸ்ரீநாத்தின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். வெளியே ஹேமாவதி நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"லாரி நிக்கிறது நல்லாத் தெரிஞ்சுதுங்ண்ணா. ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். வண்டி நின்னுரும்னு நெனச்சேன். ஸ்கூல்ல எப்பவும் அதுவா நின்னுருமே, அண்ணா..."

அமல்ராஜால் அங்கே நிற்க முடியவில்லை. அன்று சாவியை வைக்காமல் இருந்திருக்கலாமோ என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

அந்த வாரமே தினகரன் போன் செய்தார். "அமலு, காலையில ஊட்டாண்ட வந்துட்டுப் போ."

"கர்த்தர் அந்தாளு கண்ணைத் தொறந்துட்டாரு," என்றாள் ஜெபா. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "திரும்ப ரோஷம் பேசிக்கினு நிக்காத."

தினகரன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு விசயம் கேள்விப்பட்டேன், அமலு. கண்ணை மூடினா தூக்கம் வரலை."

"எனக்கும்தான், அண்ணாத்தே."

"நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி. உன்னைப் போயி திருடன்ற மாதிரி பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

அமல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை கிடைக்கப்போவதைவிட, பேர் திரும்பக் கிடைத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

"அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு. நாளைக்கே ஸ்கூலுக்கு வந்துர்றேன், அண்ணாத்தே. ராகேஷுக்கும் நானே சொல்லிக்குடுக்குறேன். இனிமே எல்லா வண்டியிலயும் படிக்க வர்றவங்களே பிரேக் புடிக்கட்டும்."

"ஸ்கூலுக்கா?" தினகரன் நெற்றியைச் சுருக்கினார். "ஸ்கூல் பாட்டுக்கு ராகேஷை வச்சு ஓடிகினு கீது. அதை ஏன் கிளறுறே?"

பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ரேஷ்மா! மாஸ்டர் வந்துட்டாரு, வாம்மா."

மகள் புதுக் கார் சாவியோடு துள்ளிக்கொண்டு வந்தாள். தினகரன் அமல்ராஜின் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பெட்ரோலைப் பத்தி யோசிக்காத, எவ்ளோ வேணா ஊத்திக்கோ. கிளட்ச் பிளேட்டு போனாப் போவுது. பிரேக்கை மட்டும் எம்பொண்ணு அவ காலாலதான் புடிக்கணும், அமலு."