இன்னொருக்கா சொல்லுங்க

"ஏங்கண்ணு, சாப்ட்டாச்சா?"

மேசை போனின் ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வந்ததும் பிரவீனாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அவரேதான். பேசுவதற்கு முன் ஒரு சின்னச் செருமல். 'கண்ணு'வில் ஓர் இழுவை. மதியமானால் அவர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். கணபதி பகுதியில் ஒற்றை லேத்தோடு இந்தப் பம்பு கம்பெனியை ஆரம்பித்த லட்சுமணசாமியின் குரலை எந்தக் கூட்டத்திலும் மருமகள் அடையாளம் கண்டுவிடுவாள்.

"பொள்ளாச்சில இருக்கறேன் கண்ணு. என்ற செல்லுல சார்ஜ் தீந்துபோச்சு, இன்னொருத்தரு செல்லுல கூப்பிடறேன். அவசரமா ஒரு டிராயிங் எடுக்கோணும். உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, அதைய மட்டும் சொல்லு."

செல்லைப் பார்த்தாள். எண் வந்து உட்கார்ந்திருந்தது.

வெளியிலிருந்து யார் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தாலும் பிரவீனாவின் செல்லுக்கு இப்படி ஓர் எண் வரும். அதையும் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பாஸ்வேர்டைச் சரியாக அடித்துவிட்டார்கள். பாக்கி இந்த எண் ஒன்றுதான்.

சொல்லிவிடுவாளா? போன வருஷம் பட்டது போதாதா?

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் அத்தனையையும் எவனோ எங்கிருந்தோ பூட்டி வைத்திருந்தான். டிராயிங், ஆர்டர், எதையும் திறக்க முடியவில்லை. வேலை நின்றது. லேத்து ஓட்டுகிற வேலன் தினமும் வந்து, ஓடாத மெஷினைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால்தான் கம்ப்யூட்டர்களைக் காவல் காப்பதையே தொழிலாகச் செய்கிற சரவணம்பட்டிக் கம்பெனிக்காரர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மாமா எகிறினார். "நம்ம ஊட்டுச் சாவிய எவனோ வெளியாளு கையில குடுக்கறதா?" ஷெட்டே அதிர்ந்தது. அந்தத் தொண்டைக்கு எதிரே நின்று, இதை விடமாட்டேன் மாமா என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து வந்த மனோஜ்குமார் முதல் நாளே சொல்லிவிட்டுப் போனான். கடவுளே கேட்டாலும் எண்ணைச் சொல்லாதீர்கள். குரலை நம்பாதீர்கள். ஒருவர் பேசிய வீடியோ கிடைத்தால் போதும், இப்போதெல்லாம் அவர் குரலையே செய்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிடுங்கள்.

பம்பு உற்பத்தியாளர் விழாவில், எதிரே இருந்தவர்களையும் 'ஏங்கண்ணு, சாப்ட்டாச்சா?' என்று கேட்டுவிட்டு மாமா முழங்கிய வீடியோ இன்னும் இணையத்தில் கிடக்கிறது.

பிரவீனா செல்லில் மனோஜ்குமாருக்கு விஷயத்தைத் தட்டிவிட்டாள். உடனே பதில் வந்தது. "உள்ள யாரும் வராத மாதிரி பூட்டறேன். நீங்க போனை வெச்சுருங்க மேடம்."

வைக்கத்தான் கை போனது.

நிமிர்ந்து எதிரே பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, லேத்துச் சத்தத்துல கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

குரல் மறுபடியும் முதலிலிருந்து சொன்னது. கொஞ்சம் கெஞ்சியது. பிறகு அதட்டியது. "நாஞ்சொல்றனல்லோ, நம்பரச் சொல்லு கண்ணு." அந்த அதட்டலும் அச்சு அசல் அவருடையதே. பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கப் போனவள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண் கண்ணெதிரே இருந்தது. தலையே போனாலும் அதை வாய்திறந்து சொல்லப்போவதில்லை.

மனோஜ்குமாரின் அடுத்த செய்தி வந்தது. "பூட்டியாச்சு. இன்னுமா பேசிட்டிருக்கீங்க? வைங்க மேடம்."

கம்பெனி தப்பித்தது. பெருமூச்சு விட்டாள். அப்போதும் போனை வைக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க மாமா," என்றாள். இந்த முறை ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் லட்சுமணசாமி உட்கார்ந்திருந்தார்.

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. ஆடியில் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரவீனா போனை வைக்கப் போனபோது, வேண்டாம், இரு என்று தூக்கிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கமாகக் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணு, லைன்ல இருக்கறயா?" என்றது அவருடைய குரல்.

அவர் கண்ணைத் திறந்தார். தோள்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். கையை நீட்டி, லைனை அவரே துண்டித்தார்.

பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாச்சா என்று மருமகளைக் கேட்டார்.