சத்தம் ஆகாத மாப்பிள்ளை

"இந்த ஃபேனும் சரியில்லையா?"

கையில் கரண்டியோடு வந்து நின்று கேட்டாள் மனைவி.

ஹாலில் பழைய போர்வையை விரித்து, ஸ்க்ரூவும் ஒயருமாக உட்கார்ந்திருந்தான் அவன். எதிரே மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டி. அதில் காதை வைத்துக் கேட்டவன் உதட்டைப் பிதுக்கினான்.

"லேசா இரையுது. மாத்தணும்."

"ஃபேன்னா இரையாம பாட்டா பாடும்? எனக்கு ஒண்ணுமே கேக்கல. உங்களுக்கு மட்டும் பாம்புக் காது!"

டி.வி.யோடு சேர்த்து ஹாலில் வைக்க ஒரு கம்ப்யூட்டர். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், அவள் தையலுக்கு டிசைன் தேடலாம். ஏற்கெனவே ஒன்று இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. மாவு மில் மாதிரி ஒரு இரைச்சல் போடும், அவ்வளவுதான். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தானே ஒன்று செய்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டான்.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட பெட்டி, அதிகம் சூடாகாத சிப். சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதுமாம். ஹார்ட் டிஸ்க் கிர்ரென்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, உள்ளே எதுவும் சுற்றாத டிஸ்க்காகப் பார்த்துப் போட்டான். பெட்டி அதிர்கிறது என்று சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்தான். அப்படியும் திருப்தி இல்லை. ஃபேனை மாற்ற மறுபடி மறுபடி கடைக்கு நடந்தான்.

கடைக்காரரே சலித்துப்போனார்.

"சத்தமே வரக் கூடாதுன்னா ஒரே வழிதான் சார். ஸ்விட்சைப் போடாம வெச்சுக்குங்க."

அவன் சிரித்துக்கொண்டே, "பெருசா, மெதுவா சுத்தற மாதிரி வேற இருக்கா பாருங்க" என்றான்.

இதையெல்லாம் உள்ளறைக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவியின் அம்மா. ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் சாயங்காலமானால் ஹாலுக்கு வந்து உட்காருவாள். இப்போது வருவதே இல்லை.

"ஏம்மா உள்ளயே கிடக்கறே?" என்று மகள் கேட்டால், "இங்கதான் காத்து வருதுடி" என்பாள்.

அன்று காலை மகள் உள்ளே போனபோது, அம்மா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பறே?"

"உன் அக்கா வீட்டுக்கு."

"டாக்டர் அலையக் கூடாதுன்னாரே! இங்க உனக்கு என்ன குறை?" மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லடி. மாப்பிள்ளைக்குச் சத்தமே ஆக மாட்டேங்குது. ஒரு ஃபேன் சத்தத்தையே தாங்காத மனுஷன் என்னை எப்படித் தாங்குவார்? எனக்கு இந்த இருமல் வேற. வாயில துணியை வெச்சுக்கிட்டு இருமிட்டு இருக்கேன். போயிடறேன், அதுதான் மரியாதை."

மகளுக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று ஹாலுக்கு வந்தாள்.

"இப்பத் திருப்திதானே உங்களுக்கு? எங்கம்மா மூட்டை கட்டியாச்சு!"

"என்ன சொல்றே? எதுக்கு?"

"சத்தமில்லாத வீடுதானே கேட்டீங்க? இருமினாக்கூட உங்களுக்கு ஆகாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு கிடக்காங்க. இனிமே நீங்களும் உங்க பெட்டியும் நிம்மதியா இருங்க!"

அவன் முகம் மாறிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

"அத்தை, அந்தப் பையைக் கீழ வைங்க. கொஞ்சம் ஹாலுக்கு வாங்க."

அவள் தயங்கியபடியே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவன் பெட்டியை மூடி, ஸ்விட்சைப் போட்டான். டி.வி.யில் வெளிச்சம் வந்தது. வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன் அத்தை."

"என்ன மாப்பிள்ளை?"

"தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க குரல் ரொம்ப இறங்கிப்போச்சு. நீங்க பெத்த பொண்ணு, உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கறா. எனக்கு அது வரல. வந்த புதுசுல இங்க உட்கார்ந்து என்கிட்ட எவ்வளவோ சொல்லுவீங்க. அந்தப் பழைய பெட்டி போட்ட இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழாது. 'என்ன அத்தை, என்ன அத்தை'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அணைச்சுடலாம்னு எழுந்தா, 'எனக்காக எதுக்கு அணைக்கறீங்க'ன்னு உள்ள போயிட்டீங்க. அப்புறம் பேசறதையே விட்டுட்டீங்க."

அவன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப பெட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேசுங்க அத்தை, நீங்க சொல்றது நல்லாக் கேக்குது."