முதலாளியின் கடைசிக் கேள்வி

ஒனிட்சா சந்தையில் அந்த உதிரிபாகக் கடையின் வாசலில் சிமேசி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். பட்டம் வாங்கிய பிறகு அவன் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருவழியாக முதலாளி உசோண்டு நிமிர்ந்து பார்த்தான். சந்தை வழக்கப்படி முதலாளியை 'ஓகா' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"என்ன படிச்சிருக்க?"

"கெமிக்கல் இன்ஜினியரிங், ஓகா."

"பிரேக் ஆயில் டப்பா தூக்க அது போதுமா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கடையைக் கூட்டணும், என் காரைக் கழுவணும், என் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விடணும். சோறும் படுக்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. ஆறு வருஷம் ஒழுங்கா இருந்தா தனியா கடை வெச்சுத் தருவேன். நானும் இப்படித்தான் மேல வந்தேன்."

"சரி, ஓகா."

"சின்ன வயசுலயே வந்திருந்தா இந்நேரம் நீயும் ஓகாதான். ஏன் வரல?"

"ஒருத்தனைத்தான் படிக்க வைக்க முடியும்னு அப்பா சொல்லிட்டார், ஓகா. மூத்தவன்னு என்னைப் படிக்க வெச்சார். தம்பி அழுதுக்கிட்டே கடை வேலைக்குப் போனான்."

உசோண்டு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினான். சிமேசி வாங்கிக்கொண்டு கூட்டத் தொடங்கினான்.

லாரி வந்தது. மற்றவர்கள் சரக்கு இறக்கப் போனார்கள். உசோண்டு மெல்ல அருகில் வந்து நின்றான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா... அம்மா எப்படி இருக்காங்க?"

சிமேசி குனிந்த தலை நிமிராமல் கூட்டிக்கொண்டே சொன்னான்.

"நல்லா இருக்காங்க, ஓகா."