கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்

“மேடம், அந்தக் கம்பளத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க!”

வீடு வாங்க வந்த வெண்டல், வாசலில் காலணியைக் கழற்றும் முன்பே குரல் கொடுத்தார்.

வீட்டைச் சோதித்து அறிக்கை தர வந்திருந்த டார்லீன், கையிலிருந்த ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

“நான் கூரையிலேருந்துதான் ஆரம்பிப்பேன், சார்.”

“கூரை எங்கயும் ஓடிப் போயிடாது. கூடத்து நடுவுல கம்பளம் விரிச்சிருந்தா, அதுக்குக் கீழ தரைப்பலகை உளுத்துப்போயிருக்குன்னு அர்த்தம்.”

டார்லீன் கம்பளத்தைத் தூக்கினார். பலகை கண்ணாடிபோல் பளபளத்தது.

வெண்டலின் முகம் வாடிவிட்டது. பெரிய பழுது ஒன்று அகப்பட்டால் போதும். அதைச் சாக்காக வைத்து, விற்பவரின் செலவிலேயே புதுக் கூரையும், வீட்டைச் சூடாக்கும் புது உலையும் கேட்டுவிடலாம் என்பது அவருடைய திட்டம். அதற்காக வீட்டைக் கைநழுவ விடவும் முடியாது. இப்போது குடியிருக்கும் வீட்டை வாங்கவும் ஆள் கிடைத்தாயிற்று.

“ரெண்டுல எது தவறினாலும் நாம நடுத்தெருவுலதான். உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்று மனைவி லோரேன் காலையில்தான் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

சோதனை நடக்கும்போது விற்பவர் வீட்டில் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற தபால்காரரான ஆஸ்ட்ரிட் அம்மையாரும் அந்த வழக்கப்படி வெளியே போயிருந்தார்.

வெண்டல் காற்றை முகர்ந்தார்.

“லவங்கப்பட்டை வாசனை அடிக்குதா? பூஞ்சை நாத்தத்தை மறைக்க அடுப்புல கொதிக்க வச்சிட்டுப் போயிருக்காங்க. பழைய வித்தை!”

அடுக்களை மேசையில் ஒரு தட்டு நிறைய, அப்போதுதான் சுட்ட லவங்கப்பட்டை பிஸ்கட்டுகள் இருந்தன. பக்கத்தில் ஒரு சீட்டு.

‘வேலை முடிந்ததும் இருவரும் சாப்பிடுங்கள். வடக்குப் பக்கத்துக் கூரை இன்னும் இரண்டு குளிர்காலம்தான் தாங்கும். அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துத்தான் சொன்னேன். நிலவறையில் உள்ள உலை காலையில் சற்று இருமும், பயப்பட வேண்டாம். – ஆஸ்ட்ரிட்.’

“பாத்தீங்களா சாமர்த்தியத்தை! சின்னக் குறையைத் தானே சொல்லிட்டா, பெரிய குறையை நாம தேட மாட்டோம்னு நினைப்பு.”

“பிஸ்கட் எடுத்துக்கலையா, சார்?”

“நான் லஞ்சம் வாங்குறதில்ல, மேடம்.”

“நான் வாங்குவேன்” என்று சொல்லி டார்லீன் இரண்டை எடுத்துக்கொண்டார்.

நிலவறைக்குள் இறங்கியதும் வெண்டல் திகைத்து நின்றார். சாமான் பெட்டிகள் அனைத்தும் அறையின் நடுவே குவித்து வைக்கப்பட்டிருந்தன.

“இது என்ன கூத்து? பெட்டிங்க நியாயமா சுவரோரம்தானே இருக்கணும்?”

“நான் சுவரைப் பாக்கணுமேன்னு நகர்த்தி வச்சிருக்காங்க. நூத்துல ஒருத்தர்தான் இப்படிச் செய்வாங்க.”

“அதான் சந்தேகமா இருக்கு. விரிசலை மறைக்கச் சுவரோரப் பெட்டியைவிட வசதி வேற என்ன இருக்கு? அதை யாராவது சும்மா விடுவாங்களா?”

டார்லீன் ஈரம் பார்க்கும் கருவியை நான்கு சுவரிலும் வைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் ஈரமில்லை.

வெண்டல் விடவில்லை.

“பனி உருகுற மாசத்துல சுவர் இவ்வளவு காய்ஞ்சா இருக்கும்? இதுல சூது இருக்கு, மேடம். ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில தண்ணியா சேக்குற இயந்திரம் இருக்கில்ல, அதை நாலு நாள் ராத்திரி பகலா ஓட விடணும். சோதனை அன்னைக்குக் காலையில அதைப் போர்வையில சுத்தி, கார் பின்பெட்டியில போட்டுக்கிட்டுக் கிளம்பிடணும். உங்க கருவியும் ஏமாந்துபோயிடும். அடுத்த வாரமே சுவர் அழ ஆரம்பிச்சிடும்!”

டார்லீன் கருவியைக் கீழே இறக்கிவிட்டு அவரை வியப்புடன் பார்த்தார்.

“பத்தொன்பது வருஷமா வீடு பாக்குறேன், இப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்ல. நீங்களும் இந்தத் தொழில்லதான் இருந்தீங்களா?”

“சேச்சே! நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். நாலு பேர் பேசுறதைக் காதுல போட்டுக்குவேன், அவ்வளவுதான்.”

மூன்று மணி நேரம் பார்த்தும், சீட்டில் எழுதியிருந்த இரண்டு குறைகளைத் தவிர, ஒழுகும் குழாய் ஒன்றுதான் அகப்பட்டது. டார்லீன் அதையும் ஒரு திருகலில் சரிசெய்துவிட்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள். வெண்டல் தம் காரின்மேல் சாய்ந்து நின்றார். டார்லீன் ஏணியைத் தம் வண்டியின் மேல் கட்டியபடியே கேட்டார்.

“சார், ஆல்டர் தெரு எந்தப் பக்கம்? பதினேழாம் நம்பர் வீட்டை ரெண்டு மணிக்குப் பாக்கணும். ஊர்ல இந்த வேலைக்கு நாங்க ரெண்டே பேர். அங்க போக வேண்டியவர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டார். என் தலையில கட்டிட்டார்.”

வெண்டல் தெருமுனையைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆல்டர் தெருப் பதினேழாம் எண் வீட்டில்தான் அவரும் லோரேனும் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள்.

“பரவாயில்ல, நானே விசாரிச்சுக்கிறேன்” என்று டார்லீன் உற்சாகமாக வண்டியில் ஏறினார். “இன்னைக்கு உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேன், சார். முதல்ல கம்பளம், அடுத்தது வாசனை, அப்புறம் சுவரோரப் பெட்டி. அந்த வரிசையிலயே பாத்துடுறேன்.”

வண்டி நகரத் தொடங்கியதும் அவர் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

“சார், உங்க கார் பின்பெட்டியிலேருந்து தண்ணி சொட்டுதே, என்னன்னு பாருங்க!”